கல்தூணில் தொங்கிய பை

அத்தையின் திராட்சைத் தோட்டத்தில், மோட்டார் அறைக்கு எதிரே நிற்கும் கல்தூணில் ஒரு பை தொங்கும். காப்பிப்பொடி நிற ரெக்ஸின் பை. அதன் இரண்டு காதுகளில் ஒன்று எப்போதோ அறுந்துபோய், அந்த இடத்தில் பந்தல் கட்டும் கம்பியை முறுக்கிப் போட்டிருந்தாள். மருந்து படாமல் இருக்க மேலே ஓர் உரச்சாக்கைக் கவிழ்த்திருப்பாள். அப்படியும் மயில்துத்தம் கலந்த மருந்து எங்கிருந்தாவது தெறித்து, பையின் அடியில் நீலப் புள்ளிகள் விழுந்திருக்கும். உள்ளே இருப்பவற்றை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்: மெல்லிய வாயில் துணிச் சேலை ஒன்று, உள்பாவாடை, துண்டு, சோப்பு டப்பா, மாத்திரை டப்பிக்குள் சுருட்டி வைத்த ஜெபமாலை. பயணத்துக்கான பையை யாராவது வீட்டில் வைக்காமல் தோட்டத்தில் வைப்பார்களா என்று கேட்டால் அத்தையிடம் பதில் தயாராக இருக்கும். "வீட்டுக்குப் போயிக் கெளம்புனா கெளம்புன மாதிரிதான். வழியில எவனாச்சும் ஒரு சோலியச் சொல்லிருவான். இங்கன இருந்தா கைய ஒதறிட்டு அப்பிடியே பஸ்ஸுல ஏறிரலாம்ல." சேலையை மட்டும் அவ்வப்போது எடுத்து, வெயில் காட்டி, மறுபடி மடித்து வைப்பாள். அந்தப் பை தூணைவிட்டு இறங்கி நான் அதிகம் பார்த்ததில்லை.

உத்தமபாளையத்திலிருந்து தேவாரம் போகும் பக்கத்தில், மேற்கு மலைக்கு அடியில் இருக்கிறது எங்கள் ஊர். மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. ஊர் நடுவில் மாதா கோயில். அதைச் சுற்றி, எந்தக் காலத்திலோ ஞானஸ்நானம் வாங்கிய எங்கள் ஆட்களின் தெருக்கள். கிழக்கே முத்தாலம்மன் கோயிலைச் சுற்றி மற்றவர்கள். எங்கள் சப்பரம் வரும்போது அவர்கள் மோர் ஊற்றுவார்கள், அவர்கள் பொங்கலுக்கு நாங்கள் பானகம் கொடுப்போம். சாமிதான் வேறு, இரண்டு பக்கத்துக்கும் தலையெழுத்து ஒன்று, அது திராட்சை. நிலம் இல்லாதவர்கள் விடிவதற்கு முன்பே ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்கு மலையேறிவிடுவார்கள். பொழுது சாய இறங்கும்போது அவர்கள் உடம்பெல்லாம் ஏல வாசனை இருக்கும், பேச்சில் இரண்டு மலையாள வார்த்தை கூடியிருக்கும். அவர்களாவது தினமும் ஊரைத் தாண்டி வந்தார்கள். தோட்டம் உள்ளவர்களுக்குத்தான் போக்கிடம் கிடையாது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் சாலையோரம் காரை நிறுத்தி, பந்தலுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். சொர்க்கம் மாதிரி இருக்கிறது என்பார்கள். சொர்க்கத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியாது. எங்கள் பந்தல்கள் தாழ்ந்தவை. ஐம்பது வயதில் எங்கள் ஊர் ஆண்கள் தார்ச்சாலையில் நடந்தாலும் பந்தலுக்குள் நடப்பது போலக் குனிந்துதான் நடப்பார்கள். அத்தை குள்ளம். "எங்கய்யா என்னையப் பந்தலுக்கு அளவெடுத்துப் பெத்திருக்காரு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

நெல்லுக்கு ஒரு காலம் உண்டு. அறுத்துப் போட்டால் வயலும் ஓயும், ஆளும் ஓயலாம். திராட்சை ஓய விடாது. பழைய கிளைகளைக் கழித்துக் கவாத்து வெட்டிய நாளிலிருந்து அது ஆளைப் பிடித்துக்கொள்ளும். வெட்டிய கொடியின் கணுக்களில் மொட்டு மருந்து தடவ வேண்டும். துளிர் வந்தால் கம்பியில் கட்ட வேண்டும். பூவெடுத்தால் மழைக்குப் பயப்பட வேண்டும். பிஞ்சு விட்டால் சாம்பல் நோய்க்குப் பயப்பட வேண்டும். பழம் நிறம் மாறினால் மைனாவுக்கும் கிளிக்கும் வௌவாலுக்கும். பழம் வெட்டி முடித்துக் கொஞ்ச நாள் மூச்சு விட்டால் அடுத்த கவாத்து வந்துவிடும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லாரும் ஒரே மாதத்தில் கவாத்து வெட்டினால் எல்லாப் பழமும் ஒன்றாகச் சந்தைக்குப் போய்ச் சீரழியும், கிணற்றுத் தண்ணீரும் பற்றாது. அதனால் ஒரே கிணற்றில் பங்குள்ளவர்கள் ஆளுக்கொரு மாதத்தில் வெட்ட வேண்டும் என்பது ஊர் முறை. கேட்பதற்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதனால் ஊரே ஓய்ந்திருக்கும் நாள் என்று ஒன்று வருவதில்லை. உன் பழம் கனிந்திருக்கும்போது என் கொடி பூத்திருக்கும். நான் சும்மா இருக்கும்போது நீ மருந்து அடித்துக்கொண்டிருப்பாய். ஒருவருக்காக இன்னொருவர் நிற்க வழியே இல்லாமல் நாங்களே எங்களைக் கட்டிப்போட்டுக்கொண்டோம்.

எங்கள் ஊரில் நலம் விசாரிப்பதே "கவாத்து வெட்டியாச்சா?" என்றுதான். கல்யாணம் பேசினால், மாப்பிள்ளை வீட்டில் எப்போது கவாத்து என்று கேட்டுக்கொண்டுதான் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க நாள் குறிப்பார்கள். அப்படியும் என் சித்தப்பா கல்யாணத்துக்கு மறுநாள் கழுத்துச் சங்கிலியோடு முதுகில் ஸ்பிரேயரைச் சுமந்துகொண்டு நின்றார். சித்தி மறுவீட்டுக்குத் தனியாகப் போய் வந்தாள். புதிதாக வந்த பங்குச் சாமியார் ஒருவர் திராட்சைத் தோட்டத்தை வைத்து உருக்கமாகப் பிரசங்கம் செய்தார். பூசை முடிந்து வெளியே வந்த ஒரு பெரியவர், "எல்லாஞ் சொன்னீக சாமி, மருந்தடிக்கிறதப் பத்தி ஒண்ணுஞ் சொல்லலையே" என்றார். சிரித்தோம். ஆனால் அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. பந்தல் கம்பிகள் தோட்டத்துக்குத் தோட்டம் இழுத்துக் கட்டியவை. ஒரு தோட்டத்தில் பழத்தை அழுக விட்டால், அழுகல் காற்றிலேறி அடுத்த தோட்டத்துக்குப் போகும். என் பழம் போனால் போகிறது என்று கையை உதறும் உரிமைகூட எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. உள்ளூரிலேயே வாக்கப்பட்டவள். மாமா மஞ்சள்காமாலையில் போனபோது அவர்களின் ஒரே மகள் பள்ளிக்கூடம்கூடப் போக ஆரம்பிக்கவில்லை. அதிலிருந்து அத்தையும் அந்தத் தோட்டமும்தான். மகள் என்னைவிட மூத்தவள். எனக்கு மதினி முறை. எனக்குச் சடை பின்னிவிட்டால் கண் இழுத்துக்கொண்டு போகும் அளவுக்குப் பின்னுவாள். அவள் இடது கட்டைவிரலில், நகத்துக்குக் கீழே, கவாத்துக் கத்தரி பட்ட தழும்பு ஒன்று உண்டு. மேடாக, தொட்டால் தெரியும். நன்றாகப் படித்தாள், எல்லாரையும் கிண்டல் செய்தாள். நர்ஸ் ஆவாள், வெளிநாடு போவாள் என்று ஊர் கணக்குப் போட்டிருந்தது. அவள் கல்லூரி முடித்துவிட்டு, அடைப்பு மடத்துக்குப் போகிறேன் என்றாள்.

கன்னியாஸ்திரியாகப் போவது எங்கள் ஊரில் புதிதல்ல. தெருவுக்கு ஒருவர் உண்டு. அவர்கள் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் வேலை பார்ப்பார்கள், விடுமுறைக்கு வந்து பலகாரம் சாப்பிட்டுப் போவார்கள். அடைப்பு மடம் அப்படியல்ல. உள்ளே போனவர்கள் வெளியே வருவதில்லை. ஜெபம், தையல், தோட்டவேலை, எல்லாம் மதிலுக்குள். வீட்டார் போனால் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசலாம். அதுவும் வருஷத்துக்குச் சில தடவைதான். மதினி எதற்கு அதைத் தேர்ந்தெடுத்தாள் என்பது எனக்கு இன்றைக்கும் முழுதாகப் புரியவில்லை. அத்தையும் யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் படியில் எதிர்வீட்டுக்காரி, "பொன்னாட்டம் வளத்த புள்ளையப் போயி உள்ள தள்ளி அடச்சிட்டியே ஆத்தா" என்று மூக்கைச் சிந்தினாள். அத்தை செருப்பை மாட்டிக்கொண்டே, "நீ கடைசியா எப்ப ஊரத் தாண்டுன, சொல்லு பாப்பம்" என்று கேட்டாள். எதிர்வீட்டுக்காரி யோசித்துவிட்டு, "போன வருசம் தேனி ஆஸ்பத்திரிக்குப் போனேன்" என்றாள். "அதுவும் நோக்காட்டுக்கு" என்று சொல்லிவிட்டு அத்தை படியிறங்கிப் போய்விட்டாள். அன்று முழுவதும் அவள் சாப்பிடவில்லை என்பதை நான் மட்டும் அறிவேன்.

வருஷங்கள் போயின. மதினி மடத்துக்குப் போன பிறகுதான் அந்தப் பை தூணுக்கு வந்தது. மடம் வடக்கே கடற்கரைப் பக்கம். தேனி போய் அங்கிருந்து ராத்திரி முழுக்கப் பயணம். ஒவ்வொரு பழ வெட்டு முடிந்ததும் போகிறேன் என்பாள். பழம் வெட்டி முடியும்போது ஏதாவது வந்துவிடும்: காற்றில் பந்தல் சாயும், மோட்டார் சுருள் எரியும், மாட்டுக்குக் காய்ச்சல் வரும். அத்தனை வருஷத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ போய்க் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். பிறகு ஒருநாள் பங்குச் சாமியார் ஆள் விட்டுக் கூப்பிட்டார். நான் அப்போது உத்தமபாளையத்தில் கல்லூரியில் கடைசி வருஷம். அத்தையோடு நானும் போனேன். மதினி வருகிற மாதா பிறந்தநாளில், ஆயுசுக்கும் மடத்திலேயே இருப்பதாகக் கடைசி வார்த்தைப்பாடு கொடுக்கிறாள் என்று மடத்திலிருந்து போன் வந்ததாகச் சாமியார் சொன்னார். பூசை முடிந்ததும் கம்பிக் கதவைக் கொஞ்ச நேரம் திறப்பார்கள். அன்றைக்கு மட்டும் தாய் மகளைத் தொடலாம், பிறகு எந்நாளும் வலைக்கு அந்தப் பக்கம்தான். அத்தை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "தொடலாமா சாமி?" என்று கேட்டாள். தொடலாம் என்றார். வெளிக்கதவு வரை போனவள் திரும்பி வந்து, "கட்டிப் புடிக்கலாமா சாமி?" என்றாள். "கட்டிப் பிடிக்கலாம்மா" என்றார் சாமியார்.

அன்றிலிருந்து அத்தைக்கு அந்த ஒரு நாள்தான் குறி. மாதா பிறந்தநாள் வருவது ஆவணியில். முறைப்படி அத்தை கவாத்து வெட்ட வேண்டியது ஆனிக் கடைசியில். அப்படி வெட்டினால் ஆவணியில் கொடி நிறையப் பிஞ்சு நிற்கும். நோய் விழும் பருவத்தில் எப்படி விட்டுவிட்டுப் போவது என்று கவலைப்பட்டாள். அதனால் கிணற்றுப் பங்காளியிடம் போய் முறையை மாற்றிக் கேட்டாள். அவரும் எனக்கு மாமா முறைதான். கடுகடுப்பான மனிதர், அத்தையிடம் மட்டும் இளகுவார். "மகளத் தொடப் போறீக, நா குறுக்க நிக்கவா?" என்று உடனே ஒத்துக்கொண்டு, சித்திரையில் இருந்த தன் முறையை அத்தைக்குக் கொடுத்துவிட்டு ஆனியை எடுத்துக்கொண்டார். சித்திரையில் வெட்டினால் ஆடிக்குள் பழம் வெட்டி முடிந்துவிடும், ஆவணியில் அத்தை காலி நிலம் போல விச்சிராந்தியாக இருக்கலாம். ஊரே இந்தத் திட்டத்தை மெச்சியது. அத்தை பையிலிருந்த சேலையை மாற்றி, மதினிக்குப் பிடித்த மஞ்சள் வாயில் சேலையை வைத்தாள்.

அந்த வருஷம் ஆடிக் காற்று சும்மா வரவில்லை, சாரலைக் கூட்டிக்கொண்டு வந்தது. மலை பல நாள் கண்ணிலேயே படவில்லை. வெயில் இல்லாமல் பழம் நிறம் மாறுமா? பச்சையாகவே தொங்கியது. அத்தை தினமும் காலையில் கொத்துக் கொத்தாகத் தூக்கிப் பார்ப்பாள். நான் தோட்டத்துக்குப் போகும்போது எனக்கும் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "அடியில லேசாக் கருக்குதா பாரு" என்பாள். கருக்கவில்லை. ஆடி போய் ஆவணி பிறந்த பிறகுதான் வெயில் எட்டிப்பார்த்தது. எத்தனையோ நாள் பிடிவாதம் பிடித்த பழம், மாதா கோயிலில் கொடியேறிய வாரத்தில் கருகருவென்று நிறம் ஏறியது. பழைய முறைப்படி ஆனியிலேயே வெட்டியிருந்தால் அந்த வாரம் காய், பயந்த பிஞ்சுப் பருவம் தாண்டி, பச்சைக் குண்டாக, கல் மாதிரி இருந்திருக்கும். இரண்டு நாள் பூட்டைப் போட்டுவிட்டுப் போய் வந்திருக்கலாம். அந்த நாளுக்கு இடம் விட வேண்டுமென்று முறையை மாற்றி, அந்த நாளுக்கே பழத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். திராட்சைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அத்தைக்கே தெரியும்.

பழம் நிறம் மாறினால் யாவாரி வர வேண்டும். அவர் ஊர் ஊராகத் தோட்டம் பேசியிருப்பார். வண்டியும் ஆளும் எப்போது வரும் என்பது அவர் கையில். அவர் சொன்ன நாளைத் தட்டினால் வண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும், ஒரு மழை விழுந்தால் பழம் வெடித்துவிடும். இதற்கு மேல் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. முன்பு யாரோ ஒருவர் தோட்டத்தில் பங்காளி நின்று பழம் வெட்டப்போய், எது நல்ல கொத்து எது கழிவு என்று பெரிய தகராறாகி, கோயில் முற்றத்தில் பஞ்சாயத்து நடந்தது. அன்றைக்கு ஊரே கூடிப் பேசி முடிவு செய்தது: தோட்டத்துக்கு உடையவர் நேரில் நிற்காமல் அங்கே யாரும் கத்தரி வைக்கக் கூடாது. அந்தக் கூட்டத்தில் அத்தையும் கை தூக்கியவள்தான்.

பயணத்தன்று மத்தியானம் வரை யாவாரியிடமிருந்து தகவல் இல்லை. அத்தை தோட்டத்திலேயே குளித்து, மஞ்சள் சேலையைக் கட்டி, நல்ல கொத்தாக ஒன்றை அறுத்து நாளிதழில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். நானும் கூடப் போகிறேன் என்று ஏற்பாடு. தனியாக அவ்வளவு தூரம் போக அவளுக்குப் பயம். அப்பா வழியனுப்பக்கூட வரவில்லை. அவர் தோட்டம் தேவாரம் சாலைப் பக்கம், அன்றைக்குத்தான் அங்கே கவாத்து, ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கிணற்றுப் பங்காளி மாமா மட்டும் மருந்துக் கையோடு வந்து நின்றார். தேனி பஸ் தூரத்தில் திருப்பத்தில் தெரிந்தபோது, யாவாரிக்குத் தோட்டம் பேசிவிடும் தரகரின் பைக் வந்தது.

"அக்கா, நாளைக்கு விடிய வண்டி வருது. யாவாரி இப்பத்தான் போன் பண்ணுனாக" என்றார் தரகர். ரொம்பத் தன்மையான மனிதர். அத்தை கட்டியிருந்த சேலையையும் தோளில் இருந்த பையையும் பார்த்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது, பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்க தம்பி."

"கேட்டேங்க்கா. கம்பத்துல ரெண்டு தோட்டம் காத்துக் கெடக்காம். விட்டா அடுத்த வாரம்ன்றாக. மேகத்தப் பாருங்க."

மலைமேல் மேகம் நின்றது. "நா நிக்கிறேன் அத்தாச்சி, நீங்க போங்க" என்றார் கிணற்றுப் பங்காளி மாமா. தரகர் தயங்கி, "ஊர்க் கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்கேண்ணே" என்றார். மாமா மருந்துக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பஸ் வந்து நின்றது. அத்தை படியில் ஒரு காலை வைத்தாள். கண்டக்டர் "ஏறும்மா, ஏறும்மா" என்றார். அவள் திரும்பி, மாமாவின் தோட்டத்தோடு கம்பியால் இழுத்துக் கட்டியிருந்த தன் பந்தலைப் பார்த்தாள். பிறகு காலை எடுத்துவிட்டாள். அவ்வளவுதான். அழவில்லை, யாரையும் திட்டவில்லை. நான் பஸ் படியிலிருந்து, "அத்த, பழம் கெடக்குது விடுங்க, ஏறுங்க" என்று கத்தினேன். எனக்கு அந்தத் தோட்டத்தைக் கொளுத்திவிட வேண்டும்போல் இருந்தது. இப்போது எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது. அத்தை பையைக் கழற்றி என் தோளில் மாட்டினாள். என் வலது கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையைத் தடவிக் கொடுத்தாள்.

"நீ போயிட்டு வா ஆத்தா. அவளத் தொட்டுட்டு, கையக் கழுவாம வா."

நான் போனேன். விடிந்தபோது உப்புக்காற்று. வெள்ளை மதில், சின்னக் கோயில், பீடத்துக்குப் பக்கவாட்டில் கம்பி வலை. அதற்கு அப்பால் முகம் தெரியாத குரல்கள் பாடிக்கொண்டிருந்தன. அத்தனை பேர் பாட்டில் மதினியின் குரல் எது என்று தேடினேன், பிடிபடவில்லை. பூசை முடிந்ததும் வயதான சிஸ்டர் ஒருவர் சின்னக் கதவைத் திறந்தார். "அம்மா வரலையா?" என்று கேட்டார். பழம் வெட்டு என்றேன். அவருக்கு விளங்கவில்லை. தலையில் பூமுடியோடு மதினி வந்தாள். முகம் மெலிந்து வெளுத்திருந்தது, சிரிப்பு மட்டும் பழையது. என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று ஒரு தடவை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "கலர் வந்துருச்சா?" என்றாள். "வந்துருச்சு மதினி. விடிய வண்டி." "காத்து ஜாஸ்தியா இருந்திருக்குமே இந்த வருசம்" என்றாள். அம்மா ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் அம்மாவைப் பற்றித்தான்.

கொத்தைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்துச் சிஸ்டரிடம் கொடுத்தாள். "அம்மா என்ன சொல்லி விட்டுச்சு?" என்றாள். கையைக் கழுவாமல் வரச் சொன்னதைச் சொன்னேன். முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. என் வலது கையை இரண்டு கைகளாலும் பற்றினாள். அவள் கட்டைவிரலின் தழும்பு என் விரலில் நெருடியது. என் உள்ளங்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்து அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். சிஸ்டர் மெல்லச் செருமிய பிறகுதான் விட்டாள். கதவு சாத்தும்போது, "பந்தலுக்குள்ள செருப்புப் போடச் சொல்லு, பாம்பு கெடக்கும்" என்றாள். அவளைத் தொடும் தூரத்தில் நின்று நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

திரும்பும் வழியெல்லாம் வலது கையைக் கைக்குட்டையால் சுற்றி மடியில் வைத்திருந்தேன். படித்த பெண் நான், கைக்குட்டைக்குள் வியர்வையைத் தவிர ஒன்றும் இருக்கப்போவதில்லை என்று அறிவுக்குத் தெரியும். ஆனாலும் அவிழ்க்கவில்லை. பக்கத்து இருக்கை அம்மாள், "கையில அடியா?" என்று கேட்டு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தாள். இடது கையால் தின்றேன். தேனியில் டீயும் இடது கையால்தான். ஊரில் இறங்கி நேராகத் தோட்டத்துக்குப் போனேன். வண்டி முதல் நாளே போயிருந்தது. கழிவுக் கொத்துகளை அத்தை கூடையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். கூட இரண்டு கூலிப் பெண்கள். என்னைப் பார்த்ததும் கூடையை வைத்துவிட்டு வந்தாள். கைக்குட்டையை அவிழ்த்தேன்.

அத்தை கையை நீட்டியவள், தன் கைகளைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பழச்சாறு காய்ந்து கருத்து, நக இடுக்கெல்லாம் நீலம். மோட்டார்த் தொட்டிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினாள். போகவில்லை. மணலை அள்ளித் தேய்த்தாள். அப்போதும் போகவில்லை. கூலிப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "எங் கை வேணாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்தாள். தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, என் உள்ளங்கையில் கன்னத்தை வைத்தாள். மதினி எந்தக் கன்னத்தை வைத்தாள் என்று நான் சொல்லவே இல்லை. இவளும் அதே வலது கன்னத்தைத்தான் வைத்தாள். என் கை நனைந்தது. "தழும்பு இருக்கா?" என்று கேட்டாள். "இருக்கு அத்த." "பெரிசா, அப்பிடியேவா?" "அப்பிடியேதான்." பிறகுதான் நிமிர்ந்தாள். "சரி, போயிக் கையக் கழுவிட்டுச் சாப்புடு. ரெண்டு நாளா என்னத்தத் தின்னியோ" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டாள். பையை நான் தூணில் மாட்டினேன்.

இப்போது எனக்குப் பெரியகுளத்தில் வேலை, குடும்பம். மதினியை வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன், வலைக்கு இந்தப் பக்கமிருந்து. விரல் நுனிகூட நுழையாத வலை அது. அத்தையும் சில தடவை வந்தாள். போகும்போதெல்லாம் திரும்பும் நேரத்தையே கேட்டுக்கொண்டிருப்பாள். கொடியைப் பிடுங்கிவிட்டுத் தென்னை வைத்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அத்தையையும் விட்டுவிடச் சொன்னோம். "நா கம்பிய அவுத்தா பக்கத்துப் பந்தல் எதுல நிக்கும்?" என்பாள். அந்தக் கிணற்றுப் பங்காளி மாமா இறந்துவிட்டார். இப்போது அவர் மகன்தான் தோட்டத்தைப் பார்க்கிறான், அவனும் இதையே சொல்கிறான். ஒவ்வொருவரும் மற்றவருக்காகத்தான் நிற்கிறார்கள். இதில் யாரைப் போய்க் குறை சொல்வது?

போன வாரம் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஒவ்வொரு தடவையும் நடப்பதுதான் அன்றைக்கும் நடந்தது. அத்தை கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு என் வலது உள்ளங்கையில் கன்னத்தை வைத்தாள். என் கணவர் முதலில் கேலி செய்வார். இப்போது அவரும் தள்ளிப் போய் நின்றுகொள்கிறார். இந்தமுறை அத்தை நிமிர்ந்து என் கையை உற்றுப் பார்த்தாள். "ஏத்தா, ஒங் கையே தோல் சுருங்கிப் போச்சே. அவ கையும் இப்பிடி ஆயிருக்குமா?" என்றாள். நான் இடது கையால் தூணிலிருந்த பையைக் கழற்றிக்கொண்டு போய்க் காருக்குள் வைத்தேன். "வாங்க அத்த. இன்னைக்கே போவோம். கார்லயே போயிட்டு நாளைக்கு வந்துருவோம்" என்றேன்.

அத்தை காரைப் பார்த்தாள். பிறகு தலைக்கு மேலே கையை உயர்த்தி ஒரு கொடியை லேசாகச் சாய்த்தாள். கடுகு போலப் பூ. "பூவெடுத்துருக்கு ஆத்தா. ஒரு வாரம் பொறு" என்றாள். நான் போய்ப் பையை எடுத்து வந்தேன். வலது கையில் அவள் கன்னத்து ஈரம் காயவில்லை. அதனால் இடது கையாலேயே பையைத் தூணில் மாட்டி, உரச்சாக்கைக் கவிழ்த்தேன்.